மோர் குடித்தால் பெருங்குடல் புண் ஆறுமா?

ஒருவருக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்று தெரிந்த வாரத்திலேயே வீட்டில் ஆலோசனைகள் குவியத் தொடங்கிவிடும். "மோரை நல்லா குடி." "காலையில பழைய சோறு சாப்பிடு, குடல் தானா ஆறிடும்." "ஏதோ புரோபயாடிக்காம், மருந்துக் கடையில கிடைக்குது, வாங்கிப் பாரேன்." மருத்துவர் மெசலமின் மாத்திரை எழுதி, நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பியிருப்பார். சாப்பாடு பற்றிக் கேட்க அங்கே நேரம் இருந்திருக்காது. "காரம் குறைச்சுக்கோங்க" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும்.

முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெயர் தெரிந்த சில பாக்டீரியாக்கள், போதுமான அளவில், நோயின் சரியான கட்டத்தில் கொடுக்கப்பட்டபோது உதவியிருக்கின்றன. அதற்கு ஆதாரம் இருக்கிறது. மோரும் பழைய சோறும் நல்ல உணவுகள், பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. எந்த பாக்டீரியா, எவ்வளவு, எந்தக் கட்டத்தில் என்ற மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால், உறவினர் சொல்வதையும் விளம்பரம் சொல்வதையும் நீங்களே எடைபோட முடியும்.

அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்பது பெருங்குடலின் உட்சவ்வில் வரும் நீடித்த அழற்சி. மலக்குடலில் தொடங்கி, நடுவில் இடம் விடாமல் மேல்நோக்கிப் பரவும். சிலருக்கு மலக்குடலோடு நின்றுவிடும், சிலருக்குப் பெருங்குடல் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். இரத்தமும் சளியும் கலந்த பேதி, கழிவறைக்குப் போகும்வரை அடக்க முடியாத அவசரம், போய்வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, அடிவயிற்றில் பிசைவது, உடம்பெல்லாம் அசதி. நம் ஊரில் இது மாதக்கணக்கில் மூலம் என்றும், உடம்புச் சூடு என்றும், சீதபேதி என்றும் பெயர் வாங்கிக்கொண்டு திரியும். அமீபா போன்ற தொற்றுகளும் இதே மாதிரி இரத்தப் பேதியைத் தரும். அதனால் மலப் பரிசோதனையும், கொலோனோஸ்கோப்பியும், சவ்விலிருந்து எடுத்த துணுக்கின் பயாப்சியும் இல்லாமல் இந்த நோயை உறுதிப்படுத்த முடியாது. உறுதியாகாத இரத்தப்போக்குக்கு மோர் வைத்தியம் பார்ப்பது நாளைக் கடத்துவதுதான்.

இந்த நோய் ஒரே மாதிரி ஓடாது. சில வாரங்கள் பொங்கும், பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், அடங்கியிருக்கும். பொங்கும் காலம், அடங்கிய காலம் என்ற இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உணவிலும் புரோபயாடிக்கிலும் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி, ஒரு காலத்துக்குச் சொன்னதை இன்னொரு காலத்தில் செய்வதால் வருவது.

பாக்டீரியாவுக்கும் இந்த நோய்க்கும் என்ன சம்பந்தம்?

குடல் அழற்சி வரும்படி மரபணு மாற்றிய எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றுக்கு அழற்சி வரவில்லை. சாதாரண எலிகளின் குடல் பாக்டீரியாக்கள் உள்ளே போனதும் வந்துவிட்டது. ஆக, உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களோடு சண்டைக்கு நிற்பது இந்த நோயின் முக்கியமான பகுதி. எந்த பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்பதும் கணக்கில் வருகிறது. நாம் செரிக்காமல் விட்ட நாரையும் மாவுச்சத்தையும் பெருங்குடலில் உள்ள சில பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சவ்வின் செல்களுக்கு முக்கிய எரிபொருள் அதுதான். கோலைடிஸ் நோயாளிகளின் சவ்வு ப்யூட்டிரேட்டைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதை ரோடிகர் என்ற ஆய்வாளர் 1980-இல் காட்டினார். ப்யூட்டிரேட் தரும் ஃபீகாலிபாக்டீரியம் ப்ராஸ்னிட்ஸி போன்ற பாக்டீரியாக்கள் இந்த நோயாளிகளிடம் குறைந்திருப்பதும் பின்னால் தெரியவந்தது.

இந்த நோயின் பழைய மருந்து ஒன்று வேலை செய்வதே குடல் பாக்டீரியாவின் தயவில்தான். ஸ்வீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டு அழற்சிக்காக உருவாக்கி, 1940-களின் தொடக்கத்தில் கோலைடிஸுக்கும் உதவுகிறது என்று அறிவித்த சல்ஃபாசலசின் இரண்டு மருந்துகளை ஒன்றாகப் பிணைத்த மூலக்கூறு. பெருங்குடலுக்கு வந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை உடைக்கின்றன. வெளியே வரும் இரண்டில் ஒன்றுதான் இன்று நாம் மெசலமின் என்று தனியாகச் சாப்பிடும் மருந்து. "மாத்திரை ஒரு பக்கம், குடல் பாக்டீரியா ஒரு பக்கம்" என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுகிறவர்களுக்கு இதை நான் எப்போதும் சொல்வதுண்டு.

ஆய்வுகள் எதைக் காட்டின?

போதிய அளவில் கொடுத்தால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரியே புரோபயாடிக். 2001-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு இப்படித்தான் வரையறுத்தது. உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவு இருக்க வேண்டும், நன்மை நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். நாம் புரோபயாடிக் என்று பேசும் பலவும் இந்த மூன்றையும் தாண்டுவதில்லை.

தாண்டியவற்றில் மூத்தது எஷெரிக்கியா கோலை நிஸ்லே 1917. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்து மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே, கூட இருந்தவர்கள் எல்லாம் பேதியில் விழுந்தபோதும் நலமாக இருந்த ஒரு போர்வீரரின் மலத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். எஷெரிக்கியா கோலை என்றாலே நோய்க்கிருமி என்று நினைப்போம். அந்த இனத்தில் தீங்கு செய்யாத வகைகளும் ஏராளம், இது அவற்றில் ஒன்று. 2004-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், நோய் அடங்கியிருந்த 327 பேரில் ஒரு பாதிக்கு இந்த பாக்டீரியாவும் மறுபாதிக்கு நாளொன்றுக்கு 1.5 கிராம் மெசலமினும் ஓராண்டு கொடுத்தார்கள். ஆய்வை முழுமையாக முடித்தவர்களில் நோய் திரும்ப வந்தது பாக்டீரியா எடுத்தவர்களில் 36 சதவீதம், மெசலமின் எடுத்தவர்களில் 34 சதவீதம். ஏறத்தாழ சமம். மெசலமின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, நோய் அடங்கிய காலத்தில், மருத்துவர் இதை ஒரு மாற்றாக யோசிக்கலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டல்கள் இடம் கொடுத்தது இதனால்தான். ஒரு புரோபயாடிக் மருந்தின் இடத்துக்கு வந்தது இந்த ஒரு வகையில்தான். அதிலும் ஓர் உறுத்தல் இருக்கிறது. மரபணுவைச் சேதப்படுத்தக்கூடிய கோலிபாக்டின் என்ற பொருளை உண்டாக்கும் மரபணுத் தொகுப்பு இந்த பாக்டீரியாவிடம் இருக்கிறது. கோலைடிஸ் நீண்ட காலம் இருந்தால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு கூடும் என்பதால், இந்த வகையை வருடக்கணக்கில் எடுப்பது பற்றி மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, எட்டு வகை பாக்டீரியாக்கள் சேர்ந்த ஒரு கலவை. விஎஸ்எல்#3 என்ற பெயரில் அறியப்பட்டது. இதன் முக்கியமான ஆய்வு நம் நாட்டில், லூதியானாவின் தயானந்த் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அஜித் சூட் தலைமையில் நடந்து 2009-இல் வெளியானது. மிதமான அளவில் நோய் பொங்கியிருந்த 147 பேர் அதில் இருந்தார்கள். 12 வாரத்தில் நோய் அடங்கியது பாக்டீரியா எடுத்தவர்களில் 42.9 சதவீதம், வெறும் பொடி எடுத்தவர்களில் 15.7 சதவீதம். நல்ல வித்தியாசம். ஆனால் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஒரு வேளைக்கு 3.6 லட்சம் கோடி பாக்டீரியாக்கள், நாளுக்கு இரண்டு வேளை. கடைகளில் கிடைக்கும் யாகுல்ட் பாட்டில் ஒன்றில் இருப்பது சுமார் 650 கோடி. அந்த ஆய்வின் ஒரு வேளை எண்ணிக்கையை எட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாட்டில்கள் வேண்டும். அதிலும் யாகுல்ட்டில் இருப்பது வேறு பாக்டீரியா. அந்த பானம் கெட்டது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. "புரோபயாடிக் கோலைடிஸுக்கு உதவியதாம்" என்ற ஒரு வரிச் செய்தியைக் கேட்டுவிட்டு கைக்குக் கிடைத்த பாட்டிலை வாங்குவதில் எவ்வளவு தூரம் வழிதவறிவிடுகிறோம் என்று காட்டவே சொல்கிறேன்.

இத்தாலியில் இதே கலவையை 144 பேரிடம், ஏற்கெனவே எடுத்துவந்த மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயின் தீவிரம் பாதியாகக் குறைந்தவர்கள் பாக்டீரியா எடுத்த குழுவில் அதிகம். மருந்தோடு சேர்த்து என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2016-க்குப் பிறகு, கலவையைக் கண்டுபிடித்தவருக்கும் விற்ற நிறுவனங்களுக்கும் இடையே தகராறு வந்து, பழைய பெயரில் வேறு கலவையும், பழைய கலவை வேறு பெயர்களிலும் சந்தைக்கு வந்தன. அட்டைப் பெட்டியின் பெயரைப் பார்த்து வாங்கினால் ஆய்வு செய்யப்பட்ட பொருள் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது கதை ஜப்பானுடையது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. பிஃபிடோபாக்டீரியம் சேர்த்துப் புளிக்கவைத்த பாலை 2003-இல் 21 நோயாளிகளிடம் ஓராண்டு சோதித்தார்கள். பால் குடித்த 11 பேரில் 3 பேருக்கு நோய் மோசமானது, குடிக்காத 10 பேரில் 9 பேருக்கு. இதைப் படிக்கும் யாருக்கும் உடனே அந்தப் பாலைத் தேடிப் போகத் தோன்றும். பிறகு அதே வழியில் 195 பேரை வைத்துப் பெரிய ஆய்வு நடந்து, 2018-இல் வெளியானது. பால் குடித்தவர்களுக்கும் மாற்றுப் பானம் குடித்தவர்களுக்கும் இடையே வித்தியாசமே இல்லை. பலன் தெரியாததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். குடல் நோயில் சின்ன ஆய்வுகள் நம்பிக்கையைக் கொட்டிக் கொடுக்கும். தானாகவே பொங்கி அடங்கும் நோய் என்பதால், பத்துப் பேரில் நடப்பது தற்செயலா மருந்தா என்று பிரிப்பது கடினம். ஒரு அத்தைக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ மோரில் குணமானது என்று கேட்கும்போதும் இதே நிலைதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. மோர் குடித்த அந்த மாதத்தில் நோய் தானாகவே அடங்கியிருக்கலாம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2020-இல், நோயை அடக்க புரோபயாடிக் உதவக்கூடும், ஆனால் ஆதாரத்தின் உறுதி குறைவு என்று சொன்னது. அதே ஆண்டில் அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவச் சங்கம் இன்னும் கறாராக, கோலைடிஸுக்கு ஆய்வின் பகுதியாக மட்டுமே புரோபயாடிக்கைப் பயன்படுத்தலாம் என்றது. ஒரே இடத்தில்தான் கதவைத் திறந்து வைத்தது. மருந்துக்கு அடங்காமல் பெருங்குடலையே எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை மடித்துப் பைபோல் தைத்துக்கொண்டவர்களில் சிலருக்கு அந்தப் பையில் அழற்சி திரும்பத் திரும்ப வரும். அவர்களுக்கு அந்த எட்டு வகைக் கலவையை யோசிக்கலாம் என்றது. இத்தாலியின் போலோன்யாவில் 40 பேரிடம் நடந்த 2000-ஆம் ஆண்டு ஆய்வு அதற்கு அடித்தளம். ஒன்பது மாதத்தில் கலவை எடுத்த 20 பேரில் 3 பேருக்கு மட்டுமே அழற்சி திரும்பியது. எடுக்காத 20 பேருக்கும் திரும்பியது. இதுவும் சின்ன ஆய்வுதான். ஆனால் வித்தியாசம் மிகப் பெரிது.

நம் மருந்துக் கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தரும் பேசிலஸ் கிளாசி குப்பிகளும், சாக்கரோமைசிஸ் பூலார்டி பொடிகளும் பெரும்பாலும் திடீர் பேதிக்கும் ஆன்டிபயாடிக்கால் வரும் பேதிக்கும் பயன்படுபவை. அல்சரேட்டிவ் கோலைடிஸை அடக்குவதாகப் பெரிய ஆய்வுகளில் அவை நிரூபிக்கப்படவில்லை.

அடுப்படிக்கு வருவோம்

புளித்த உணவெல்லாம் புரோபயாடிக் அல்ல. இட்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியும் உளுந்தும் அரைத்து வைத்த மாவில் லூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா இரவெல்லாம் வேலை செய்து மாவைப் பொங்க வைக்கிறது. காலையில் இட்லிப் பானையில் ஆவி பட்டதும் அவை எல்லாம் செத்துவிடும். தோசைக் கல்லிலும் ஆப்பச் சட்டியிலும் அதேதான். ஆனால் அவை செய்த வேலை மாவில் தங்கிவிடுகிறது. உளுந்தில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகள் குறைந்திருக்கும், மாவு மெத்தென்று எளிதாகச் செரிக்கும் நிலைக்கு வந்திருக்கும், நார் அதிகம் இருக்காது. நோய் பொங்கியிருக்கும் காலத்தில் இட்லி ஒத்துக்கொள்வது இதனால்தான். அதை நம்பிச் சாப்பிடலாம். பாக்டீரியா கிடைக்கும் என்று சாப்பிட வேண்டியதில்லை.

தயிரும் மோரும் வேறு. இவற்றில் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. ஆனால் வீட்டுத் தயிரில் எந்த வகை, எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்றைய உறையைப் பொறுத்து, வெயிலைப் பொறுத்து, பாத்திரத்தைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். தயிரை மருந்தாக எண்ண முடியாமல் போவது இங்கேதான். உணவு என்ற அளவில் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. தென்னிந்தியர்களில் பெரியவர்கள் பலருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை சரியாகச் செரிக்காது. தயிரில் பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியைத் தின்று தீர்த்திருக்கும், மிச்சத்தைச் செரிக்கவும் குடலில் கைகொடுக்கும். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கும் மோர் ஒத்துக்கொள்ளும். கோலைடிஸ் வந்துவிட்டது என்பதற்காகவே பால், தயிர் எல்லாவற்றையும் விலக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒத்துக்கொள்ளாதவர்கள் விலக்கினால் போதும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு எலும்புக்குக் கால்சியம் கட்டாயம் தேவைப்படும் நேரத்தில் தயிரையும் பறிப்பது கொடுமை.

தயிரில் உள்ளவை உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்றால் சின்னக் கவனம் போதும். சோற்றை ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு தயிரை ஊற்றிப் பிசையுங்கள். தாளிப்பதானால் அதையும் ஆறவைத்துக் கொட்டுங்கள். மோர்க் குழம்பு கொதித்துவிட்டால் அது குழம்புதான், அதில் உயிருள்ள பாக்டீரியா கிடையாது. நீர்மோரில் பச்சை மிளகாயைத் தட்டிப் போடாமல், உப்பும் பெருங்காயமும் கொஞ்சம் கறிவேப்பிலையும் போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய சோற்றுக்கு மூன்று சிறப்புகள் இருக்கின்றன. இரவு முழுவதும் தண்ணீரில் கிடப்பதால் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்கின்றன, காலையில் அடுப்பேற்றாமல் அப்படியே சாப்பிடுவதால் உயிரோடு வயிற்றுக்குள் போகின்றன. வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்கக் கடினமான வடிவத்துக்கு மாறிப் பெருங்குடல்வரை போய், அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு ப்யூட்டிரேட் செய்யும் தீனியாகிறது. சோறும் குழைந்து மென்மையாக இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் இரைப்பை-குடல் அறுவைச் சிகிச்சைத் துறை, குடல் அழற்சி நோய்களில் பழைய சோற்றின் பங்கை ஆராய மாநில அரசின் நிதியோடு இறங்கியது எனக்கு மகிழ்ச்சி தந்த செய்தி. ஏழைகளின் காலை உணவை மருத்துவம் அக்கறையோடு பார்க்கத் தொடங்கியிருக்கிறது. ஜப்பானியப் பாலின் கதை நினைவில் இருந்தால், பழைய சோற்றுக்கும் அதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும் என்று புரியும். பெரிய எண்ணிக்கையில் நோயாளிகள், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு, கொலோனோஸ்கோப்பியில் சவ்வு ஆறியதற்கான சான்று. அதுவரை பழைய சோறு நல்ல உணவு என்ற இடத்திலேயே இருக்கட்டும். அதோடு தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாயும் ஊறுகாயும் பச்சை வெங்காயமும் பொங்கியிருக்கும் குடலுக்கு வலி தரலாம். அந்த நாட்களில் சோற்றோடு கொஞ்சம் தயிர் மட்டும் போதும்.

கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் இதே வரிசையில் வருபவை. புளிக்கவைத்த மாவைக் காய்ச்சிய பிறகும் ஓர் இரவு வைத்து, மோர் ஊற்றிக் கரைப்பதால் உயிருள்ள பாக்டீரியா மறுபடியும் சேர்ந்துவிடுகிறது. ஆனால் கம்பிலும் கேழ்வரகிலும் நார் அதிகம். நோய் அடங்கிய காலத்தில் அது நன்மை. பொங்கும் காலத்தில் ஒதுக்கி வைக்கலாம். நம் ஊறுகாய்கள் பெரும்பாலும் உப்பு, மிளகாய், எண்ணெய், புளிப்பு ஆகியவற்றால் கெடாமல் இருப்பவை. அவற்றை புரோபயாடிக் என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம்.

புளித்த உணவு அழற்சியைக் குறைக்கும் என்ற பேச்சுக்கு வலுவூட்டியது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு. 2021-இல் வெளியானது. 36 பேரில் ஒரு குழு பத்து வாரம் தயிர், கெஃபிர், புளிக்கவைத்த காய்கறிகள் போன்றவற்றை அதிகம் சாப்பிட்டது. அவர்களின் குடல் பாக்டீரியாக்களில் வகைகள் கூடின, இரத்தத்தில் அழற்சியோடு தொடர்புடைய 19 புரதங்கள் குறைந்தன. ஆனால் அந்த 36 பேரும் ஆரோக்கியமானவர்கள். புண்பட்ட சவ்வில் இதே நடக்கும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

எப்போது வேண்டாம்?

உயிருள்ள பாக்டீரியா யாருக்கும் கெடுதல் செய்யாது என்ற எண்ணம் தவறு. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சியோடு இருந்த 296 பேரிடம் நடந்த ஆய்வில், புரோபயாடிக் கொடுத்த குழுவில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், கொடுக்காத குழுவில் 6 சதவீதம். 2008-இல் வெளியான அந்த முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. கோலைடிஸ் வேறு நோய்தான். ஆனால் கடுமையாக நோயுற்று மருத்துவமனையில் இருப்பவர்கள், பெரிய இரத்தக் குழாயில் ஊசிக் குழாய் பொருத்தியிருப்பவர்கள், எதிர்ப்பாற்றலை வெகுவாகக் குறைக்கும் மருந்துகளில் இருப்பவர்கள் தாங்களாக எந்த புரோபயாடிக்கும் எடுக்கக் கூடாது. அந்த பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ இரத்தத்தில் கலந்து தொற்றாக மாறிய நிகழ்வுகள் உண்டு.

எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் அசாதியோபிரின், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற மருந்துகள் எடுப்பவர்கள் வீட்டுப் புளிப்பு உணவிலும் சுத்தம் பார்க்க வேண்டும். பாலைக் காய்ச்சி உறை ஊற்றும் நம் வழக்கம் பெரிய பாதுகாப்பு, காய்ச்சாத பாலில் செய்த எதையும் தொடாதீர்கள். பழைய சோற்றுக்கு, வடித்த சோற்றைத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, மூடி, ஓர் இரவுக்கு மேல் வைக்காமல் சாப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றாமல் மணிக்கணக்கில் வெளியே கிடக்கும் சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி நஞ்சை உண்டாக்கும், சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இதமான புளிப்பு வாசம் இருக்கலாம். கொழகொழப்போ துர்நாற்றமோ இருந்தால் கொட்டிவிடுங்கள். தெருவோரக் கூழில் எந்தத் தண்ணீர் கலந்திருக்கிறது என்று தெரியாது என்பதால், இந்த மருந்துகளில் இருக்கும்வரை வீட்டிலேயே கரைத்துக் குடிப்பது நல்லது.

மருந்தை நிறுத்துவது எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. நோய் அடங்கி மெசலமின் சாப்பிட்டுவந்த 99 பேரைச் சிகாகோவில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியிட்டார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் நோயில்லாமல் இருந்த வாய்ப்பு 89 சதவீதம், சாப்பிடாமல் விட்டவர்களுக்கு 39 சதவீதம். கோலைடிஸ் நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு எதிலும் எந்த மோரும் எந்தப் பொடியும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டியதில்லை. நன்றாக இருக்கிறது என்று தோன்றும்போதுதான் மாத்திரை அலுத்துப்போகும். நன்றாக இருப்பதற்குக் காரணமே அந்த மாத்திரையாக இருக்கலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு புரோபயாடிக்கை முயன்று பார்க்க விரும்பினால், நோய் அடங்கிய அல்லது மிதமான காலத்தில், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மருந்தோடு சேர்த்துத் தொடங்குங்கள். அட்டையில் பாக்டீரியாவின் முழுப் பெயரும் வகை எண்ணும் இருக்கிறதா, காலாவதி நாள்வரை எத்தனை கோடி உயிரோடு இருக்கும் என்று எழுதியிருக்கிறதா, குளிர்பதனத்தில் வைக்கச் சொல்லியிருந்தால் கடைக்காரர் அப்படி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் மலத்தில் கால்புரோடெக்டின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குடல் சவ்வில் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்பதை அந்தப் பரிசோதனை காட்டும். வயிறு லேசாக இருப்பதாகத் தோன்றினாலும் அந்த எண் ஏறியிருந்தால் பொடியால் பலனில்லை. அதற்குச் செலவிட்ட பணத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தப் பேதி போய், கூடவே 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலோ, நிமிடத்துக்கு 90-க்கு மேல் நாடித் துடிப்போ இருந்தால் அது கடுமையான தாக்குதல். ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவும் விட்ஸும் 1955-இல் வகுத்த இந்த அளவுகோலை இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் மோரையும் கூழையும் யோசித்துக்கொண்டு வீட்டில் இருக்காமல், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.